எச்-1பி விசாவில் டெக்சாஸில் வேட்டைக்குச் செல்லலாமா?

கேள்வி:
டெக்சாஸில் எச்-1பி விசாவில் பணிபுரிகிறேன். அலுவலக நண்பர்கள் மான் வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் அழைக்கிறார்கள். 2021 முதல் உரிமமின்றிக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல மாநிலச் சட்டம் அனுமதிப்பதால் எனக்கும் தடையில்லை என்கிறார்கள். இது சரிதானா?

முதல் மறுமொழி:
சரியன்று. அந்தச் சட்டம் 21 வயது நிறைந்த, பிற சட்டங்களால் தடுக்கப்படாதவர்களுக்கே பொருந்தும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது; ஆயினும், அமெரிக்க மாநிலமொன்று முறைப்படி வழங்கிய, நடப்பிலுள்ள வேட்டை உரிமம் பெற்றவருக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. நண்பரின் துப்பாக்கியைச் சற்று நேரம் கையில் வாங்குவதையும் உரிமம் பெறும் வரை தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் இது விசாவையே பாதிக்கக்கூடிய குற்றம்.

இரண்டாம் மறுமொழி:
டெக்சாஸின் ஆண்டு வேட்டை உரிமம் எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. துப்பாக்கியைச் சொந்தமாக வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் புதுப்பிக்க மறந்தால், மேற்சொன்ன விலக்கும் அன்றோடு போய்விடும். மேலும், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். பயிற்சியை ஒருமுறை தள்ளிவைக்க வழியுண்டு என்றாலும், முதலிலேயே முடிப்பதுதான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் மறுமொழி:
மீன்பிடிப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. 17 வயது நிறைந்தவர்களுக்குத் தனி உரிமம் தேவை; மாநிலப் பூங்காக்களின் கரையிலிருந்து தூண்டிலிடுவோருக்கு அதுவும் வேண்டாம், ஆனால் மீனின் நீளம், எண்ணிக்கை பற்றிய வரம்புகள் அங்கும் உண்டு.