20-ம் 20-ம் சேந்தா 36-தான், 40 இல்லை

பாம்பன்காரன்: பப்ஜி மொபைல் கேமைப் பத்தி கீழக்கரை ஸ்னைப்பர் நேத்து எழுதுனதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறலை. "துப்பாக்கி முனையில மாட்டுற காம்பன்சேட்டர் 20 சதவீதம், கீழ கைப்பிடியா மாட்டுற வெர்ட்டிகல் கிரிப் 20 சதவீதம் குறைக்குதுன்னு வைங்க, எம்416 துப்பாக்கியில ரெண்டையும் மாட்டுனா ரீகாயில் (சுடுறப்ப துப்பாக்கி மேல எகிறுறது) 40 சதவீதம் குறையும்"னு எழுதியிருக்காரு. அதுக்குப் பதினோரு பேரு "சூப்பர் காக்கா (அண்ணே)"ன்னு வேற. தப்பு. முதல் 20 போனா 80 நிக்கும். அடுத்த 20 அந்த 80-லதான் போகும், அது 16. மிச்சம் 64. குறைஞ்சது 36.

கீழக்கரை ஸ்னைப்பர்: 20-ம் 20-ம் 40. எங்க மதரஸால ஒண்ணாப்புப் புள்ளை சொல்லும்.

பாம்பன்காரன்: ஒண்ணாப்புப் புள்ளை கூட்டத்தான் படிச்சிருக்கும். அடுத்த வகுப்புக்கு நீங்க போகலைன்னா நான் என்ன செய்ய? 100 ரூபாய்க்கு இறால் போட்டா ஏஜென்ட் 20 சதவீதம் எடுக்குறான். கையில 80. அதுல கடன்காரன் 20 சதவீதம் எடுத்தா 16. வீட்டுக்கு 64 வரும். 60 இல்லை.

கீழக்கரை ஸ்னைப்பர்: கடன்காரன் ஏன் மிச்சத்துல எடுக்கணும்? எங்க ஊர்ல பில்லைப் பாத்துத்தான் எடுப்பாய்ங்க. 100-க்கு 20. ஆக 40.

மண்டபம் கணக்கு: ரெண்டு பேரும் எதுல 20 சதவீதம்னு இன்னும் சொல்லலையே. வெறும் துப்பாக்கியோட ரீகாயில்லயா, முன்னாடி மாட்டுனது போக மிச்சத்துலயா? அது கேம் செஞ்சவன் எழுதுற விதி. அதைப் பேசுனாத்தானே...

பாம்பன்காரன்: தம்பி, கொஞ்சம் இருங்க. 40-ன்னா எப்படின்னு அவரு சொல்லட்டும். 20 சதவீதம் குறைக்குற சாமான் அஞ்சு இருந்தா ரீகாயில் பூஜ்யமாயிடுமா? ஆறாவது மாட்டுனா குண்டு தரையைப் பாத்துப் போகுமா?

கீழக்கரை ஸ்னைப்பர்: எம்416-ல மசில் (முனை), கிரிப், ஸ்டாக் (பின்கட்டை). ரீகாயிலுக்கு இடமே மூணுதான். அஞ்சு எங்கேயிருந்து வந்துச்சு? ஏகேஎம் துப்பாக்கிக்கு கிரிப்பும் கிடையாது, ஸ்டாக்கும் கிடையாது, அதாவது தெரியுமா? 40.

தங்கச்சிமடம் ரஷர்: காக்கா அடிச்சாரு பாரு.

பாம்பன்காரன்: 2020 செப்டம்பர்ல கேமைத் தடை பண்ணுறதுக்கு முன்னாடியேர்ந்து ஆடுறவன் நான். ஏகேஎம் பாடம் எனக்கு வேணாம். கணக்கு கேட்டீங்கள்ல, இந்தாங்க. கார்98 ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு டேமேஜ் 79. தலையில பட்டா இரண்டரை மடங்கு, 197.5. லெவல் 3 ஹெல்மெட் 55 சதவீதம் தடுக்கும். பெருக்குனா 197.5-ல 45 சதவீதம், 89 கூட வரலை. ஆளு சாக மாட்டான், நாம எல்லாரும் பாத்துருக்கோம். உங்க கூட்டல்ல பாருங்க. தலைக்கு 150 சதவீதம் கூட்டி, ஹெல்மெட்டுக்கு 55 கழிச்சா 95 மிச்சம். 79-ஐ 1.95-ஆல பெருக்குனா 154. ஃபுல் ஹெல்த்தே 100, செத்திருக்கணும். ஒருத்தனாவது லெவல் 3 போட்டவனை ஒரே கார்98 ஹெட்ஷாட்ல முடிச்சதைக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறேன்.

கீழக்கரை ஸ்னைப்பர்: ஹெல்மெட் அட்டாச்மென்ட் இல்லையே. நான் பேசுனது காம்பன்சேட்டரும் கிரிப்பும். 20-ம் 20-ம் 40.

தொண்டி எம்416: வார்ஃபிரேம்னு வேற கேம் ஆடியிருக்கீங்களா அண்ணே? அதுல செரேஷன்னு ஒரு மாட் (துப்பாக்கியில போடுற கூடுதல் சாமான்) டேமேஜை 165 சதவீதம் கூட்டும், ஹெவி கேலிபர் மாட் 165. ரெண்டையும் போட்டா 330 கூடி 4.3 மடங்குதான் வரும். அங்க கூட்டல்தான்.

கீழக்கரை ஸ்னைப்பர்: கேட்டுக்கங்க! கூட்டல்!

பாம்பன்காரன்: தொண்டித் தம்பி, பாதியைச் சொல்லி மீதியை முழுங்காதீங்க. ஒரே வகை மாட்னா கூட்டல். மல்ட்டிஷாட் (ஒரு சுடுக்குக் கூடுதல் குண்டு) வேற வகை, அது மொத்தத்தைப் பெருக்கும். காம்பன்சேட்டர் வேற இடம், கிரிப் வேற இடம். வேற வேறன்னா பெருக்கல். 36. நேத்து படகு கரையில கட்டிக் கெடக்குறப்ப டிரெயினிங் கிரவுண்ட்ல செவுத்துல சுட்டுப் பாத்தேன். பெருவிரலை இழுக்காம 30 குண்டு, ஏறுன உயரத்துக்கு ஸ்கிரீன்ல தீக்குச்சியைப் படுக்க வச்சுத் தடிமனை எண்ணுனேன். முதல்ல காம்பன்சேட்டர்: 5 குச்சி இறங்குச்சு. பெறகு கிரிப்: 4. திருப்பி மாட்டுனேன், முதல்ல கிரிப்: 5. பெறகு காம்பன்சேட்டர்: 4. எதை ரெண்டாவது மாட்டுனாலும் கம்மியாத்தான் இறங்குது. ஏன்?

கீழக்கரை ஸ்னைப்பர்: உங்க கை நடுங்கியிருக்கும். தீக்குச்சில அளக்குறவரோட கணக்குக்கு நான் என்ன பதில் சொல்றது?

பாம்பன்காரன்: ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கடலுக்குப் போகாத கை இது, நடுங்காது. போன ஞாயித்துக்கிழமை கேம்ல அடிபட்டு விழுந்த உங்களை ரிவைவ் பண்ண (எழுப்ப) நான் வரலைன்னுதானே இந்தக் கோவம்? அதைச் சொல்லிட்டுப் போங்க.

கீழக்கரை ஸ்னைப்பர்: ஆமா, சொல்றேன். நான் நாக் ஆகி (அடிபட்டு விழுந்து) சுவரு ஓரத்துல தவழ்ந்துக்கிட்டு இருந்தேன். நீங்க ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஆளுக்கு 50 ரூபாய் போட்ட மேட்ச்.

பாம்பன்காரன்: எனக்கு நெட் போச்சு. பாம்பன்ல காத்து அடிச்சா எப்படி இருக்கும்னு கீழக்கரையில ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஆடுறவருக்குத் தெரியாது.

தங்கச்சிமடம் ரஷர்: நெட் போனவரு எப்படி அண்ணே அதே நேரத்துல லூட் பெட்டியைத் தொறந்தீங்க? நான் ஸ்பெக்டேட்ல (அடுத்தவரு ஆடுறதைப் பாக்குறதுல) பாத்தேன்.

பாம்பன்காரன்: நீ சும்மா இரு மாப்ள. அது நெட் வந்ததுக்குப் பெறகு.

மண்டபம் கணக்கு: எதுல 20 சதவீதம்னு யாராவது...

கீழக்கரை ஸ்னைப்பர்: 40.

பாம்பன்காரன்: 36. ராத்திரி மூணு துப்பாக்கியில சுட்டு வீடியோ எடுத்துப் போடுறேன்.

கீழக்கரை ஸ்னைப்பர்: போடுங்க. முதல்ல அந்த 50 ரூபாயை அனுப்பிட்டுப் போடுங்க.