தீருவுக்குப் போய் எசேக்கியேல் ஏன் புலம்பல் பாடணும்?

கேள்வி:

பைபிள்ல எசேக்கியேல் தீர்க்கதரிசியோட புத்தகத்துல 26லேர்ந்து 28ம் அதிகாரம் வரைக்கும் ரெண்டு வாரமா திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. எரேமியா எருசலேமுக்காக அழுதா புரியுது, அது அவரு ஊரு, அவரு ஜனம். தீரு யாரு? கடல் வியாபாரம் பண்ற வேத்து ஊரு, எருசலேம் இடிஞ்சதைக் கேட்டு ‘ஆஹா, இனி எல்லாம் நம்ம பக்கம் வரும்’னு சந்தோஷப்பட்ட ஊரு, 26 ஆரம்பத்துலயே இருக்கு. அதுக்குத் தண்டனைன்னு சொன்னா சரி. ஆனா அடுத்த அதிகாரத்துலயே அந்த ஊரை ஒரு கப்பலா நிறுத்தி, செனீர்லேர்ந்து பலகை, லீபனோன் கேதுருல பாய்மரம், பாசான் கர்வாலி மரத்துல துடுப்பு, எகிப்துலேர்ந்து சித்திரத்தையல் போட்ட பாய்னு ஒண்ணொண்ணா ரசிச்சு சொல்லிட்டு, அப்புறம் நடுக்கடல்ல உடைச்சு, அதுக்குப் புலம்பல் பாடுன்னு கர்த்தரே சொல்றாரு. இது நெஜ துக்கமா, இல்ல கிண்டலா? எங்க பைபிள் ஸ்டடில கேட்டதுக்கு ‘பெருமைக்கு வந்த தண்டனை’ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, எனக்கு அது போதல.

பதில் 1:

நல்ல கேள்வி சிஸ்டர். முதல்ல பாட்டோட வகையைப் பாக்கணும். எபிரேயத்துல இதுக்குக் கீனான்னு பேரு, சாவு வீட்டுல பாடுற பாட்டு. நம்ம ஒப்பாரி மாதிரிதான், செத்தவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு முதல்ல சொல்லி, அப்புறம் இப்ப எப்படிக் கிடக்குறாங்கன்னு சொல்லி அழுறது. அதனாலதான் கப்பலோட அழகு அவ்வளவு நீளமா வருது, அழகைச் சொல்லாம ஒப்பாரி கிடையாது. ஓசையும் அப்படித்தான், முதல் பாதியில மூணு அழுத்தம், அடுத்த பாதியில ரெண்டுதான், மூச்சு பாதியில அறுந்து போற மாதிரி நிக்கும். 1882ல கார்ல் புட்டேன்னு ஒரு ஜெர்மன் அறிஞர்தான் இதை எடுத்துக் காட்டினாரு. 27 முழுக்க அந்த ஓசை இல்ல, 12லேர்ந்து 25 வரைக்கும் கணக்குப்பிள்ளை எழுதின சரக்குப் பட்டியல் மாதிரி இருக்கும், தர்ஷீசுலேர்ந்து வெள்ளி இரும்பு தகரம் ஈயம், தமஸ்குலேர்ந்து கெல்போன் திராட்சரசமும் வெண்மையான ஆட்டுமயிரும், யூதாகிட்டேர்ந்து கோதுமை தேன் எண்ணெய்.

இன்னொண்ணு, பாடும்போது தீரு விழவே இல்ல. ஊரு உயிரோட இருக்கு, துறைமுகத்துல கப்பல் வந்து போகுது, அதுக்குள்ள சாவுப்பாட்டு. ஆமோஸ் 5லயும் இஸ்ரவேல் நல்லா இருக்கும்போதே இதே மாதிரி பாடுவாரு. கேக்குறவனுக்கு முதுகுத்தண்டு சில்லிடும்.

பதில் 2:

கிண்டல்தான்னு சொல்றவங்க ஏசாயா 14ஐயும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அங்க பாபிலோன் ராஜா விழுந்தப்ப லீபனோனோட கேதுரு மரங்களே சந்தோஷப்படுது, இனி எங்களை வெட்ட யாரும் வரமாட்டாங்கன்னு. அது ஏளனப்பாட்டு. இங்க அதே கேதுரு பாய்மரமா நின்னு கப்பலோட சேர்ந்து முழுகுது, சந்தோஷப்பட ஒருத்தரும் இல்ல. மத்தக் கப்பல்ல இருக்குற மாலுமிங்க எல்லாரும் இறங்கிக் கரையில வந்து நிக்கிறாங்க, தலையில புழுதி, சாம்பல்ல புரளுறாங்க, மொட்டை போட்டு ரெட்டு, அதாவது துக்கத்துக்குப் போடுற முரட்டுத் துணி, உடுத்துறாங்க. கடைசியில வியாபாரிங்க ஈசல் போடுறது, அதாவது சீழ்க்கை அடிக்கிறது, மட்டும் வருது, அதையும் நான் கேலின்னு எடுத்துக்கல, திகைச்சுப் போய் விடுற சத்தம்னுதான் படுது.

ஆனா தீரு பாவம்னு சொல்லவும் முடியாது. 13ம் வசனம் பாருங்க, சரக்குப் பட்டியல் நடுவுல, வெண்கலப் பாத்திரத்துக்கு முன்னாடி, மனுஷங்க. அடிமைங்களா வித்தது, வெள்ளி ஈயம் சொல்ற அதே குரல்ல அதையும் சொல்லிட்டுப் போகுது. யோவேல் 3லயும் தீருவும் சீதோனும் யூதா பிள்ளைகளைக் கிரேக்கருக்கு வித்துட்டாங்கன்னு இருக்கு. வெளிப்படுத்தல் 18ல பாபிலோன் விழும்போதும் இதே மாதிரி பட்டியல் வந்து மனுஷங்களோட ஆத்துமாவுலதான் முடியும்.

பதில் 3:

எல்லாரும் 24ம் அதிகாரத்தை விட்டுட்டீங்க. எசேக்கியேல் அழுறாரா இல்லையான்னு பாக்க 27 மட்டும் போதாது. உன் கண்ணுக்கு விருப்பமானதை ஒரே அடியில எடுத்துக்குவேன், நீ அழக்கூடாது, பெருமூச்சோட நிறுத்திக்கோ, தலைப்பாகை கட்டிக்கோ, செருப்பு போட்டுக்கோ, வாயை மூடிக்காதேன்னு அவருக்குக் கட்டளை. காலையில ஜனங்ககிட்ட பேசுறாரு, சாயங்காலம் மனைவி இறந்து போறாங்க, மறுநாள் காலையில சொன்னபடியே செய்யுறாரு. எருசலேம் விழும்போது ஜனங்களும் அப்படித்தான் அழக்கூட முடியாம நிப்பாங்கன்னு அதுக்கு அர்த்தம்.

அந்த மனுஷன்கிட்டதான் கொஞ்ச காலத்துல தீருவுக்குப் புலம்பல் எடுன்னு சொல்லப்படுது. சொந்த மனைவிக்கு மறுத்த ஒவ்வொண்ணும் அந்த மாலுமிங்களுக்குக் கிடைக்குது, புழுதி, சாம்பல், ரெட்டு, கூக்குரல். எங்க அம்மா இறந்த வருஷம் இதை வாசிச்சேன், வந்தவங்களை கவனிக்கிறதுலயே ஓடி அழாம இருந்தவன் நான், 27:30க்கு வந்ததும் அதுக்கு மேல வாசிக்க முடியல. என்னால இதைக் கிண்டல்னு ஒத்துக்கவே முடியாது. தன் வீட்டுல அழ முடியாதவன் ஊரான் வீட்டுச் சாவுல போய் அழுறதை நாம பாத்திருக்கோம்ல.

பதில் 4:

நான் சரித்திரப் பக்கம் சொல்றேன். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் 13 வருஷம் தீருவை முற்றுகை போட்டதா பழைய யூத சரித்திர ஆசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்காரு. தீரு அப்ப தீவு, சுத்தி கடல், கப்பல்ல சாப்பாடு வந்துக்கிட்டே இருந்தா முற்றுகை என்ன பண்ணும்? எசேக்கியேல் 29:18 வாசிங்க, அந்தப் படையில எல்லார் தலையும் மொட்டையாச்சு, எல்லார் தோளும் தோல் உரிஞ்சு போச்சு, ஆனா கூலி கிடைக்கலன்னு எசேக்கியேலே எழுதுறாரு, அதுக்குப் பதிலா எகிப்தைத் தர்றேன்னு கர்த்தர் சொல்றாரு. எனக்கு இந்த வசனத்து மேல பெரிய மரியாதை. முன்னாடி சொன்னது அப்படியே நடக்கலன்னு தெரிஞ்சும் 26ஐ அழிச்சு எழுதாம ரெண்டையும் வெச்சிருக்காங்க.

பிறகு கி.மு. 332ல அலெக்சாண்டர் வந்து, கரையில இருந்த பழைய ஊரோட கல்லையும் மரத்தையும் கடல்ல கொட்டிப் பாதை போட்டு, 7 மாசத்துல பிடிச்சான். அந்தப் பாதையில மணல் சேந்து சேந்து தீவே கரையோட ஒட்டிப் போச்சு. இப்பவும் லெபனான்ல சூர்னு அந்த ஊரு இருக்கு, மீன்பிடி துறைமுகமும் இருக்கு. வலை விரிக்கிற இடமாகும்னு 26ல சொன்னது நெனப்புக்கு வரும், ஆனா ஊரே இல்லாம போச்சுன்னு சில பிரசங்கத்துல சொல்றது சரி இல்ல, ஜனங்க அங்க வாழுறாங்க.

கேள்வி கேட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. 24:17ஐயும் 27:30ஐயும் ஒரே பக்கத்துல எழுதி வெச்சுப் பாத்தேன். செருப்பு போட்டுக்கோன்னு ஒருத்தர்கிட்ட, இந்தப் பக்கம் சாம்பல்ல புரளுறவங்க. அண்ணா, உங்க அம்மா விஷயம் எழுதினதுக்கு ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம், 9ம் வசனத்துல கேபால் ஊரு முதியவங்க கப்பலுக்குக் கலப்பத்து பாக்குறாங்க, பலகை இடுக்கை அடைக்கிற வேலை. அவ்வளவு கவனமா இடுக்கெல்லாம் அடைச்ச கப்பல்னு சொல்லிட்டு உடைக்கிறாரே, அதை வேணும்னே வெச்சிருப்பாரா?

பதில் 3:

வேணும்னேதான் வெச்சிருக்காருன்னு நெனக்கிறேன். 27ம் வசனத்துல முழுகுறவங்க வரிசையைப் பாருங்க, அதே கலப்பத்துக்காரங்களும் அதுல இருக்காங்க.