‘மூன்றாவது எஸ்டேட்’ ஒரே வர்க்கமா? முடியாட்சிக் கால பிரான்சின் ஏற்றத்தாழ்வு பற்றி ஒரு ஐயம்

கேள்வி: வரலாற்று மாணவி

1789 புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சுச் சமூகம் என்றதும் குருமார், பிரபுக்கள், ஏனையோர் என்ற மூன்று ‘எஸ்டேட்’களை, அதாவது பிரிவுகளைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஏறத்தாழ 2.8 கோடி மக்களில் மிகப் பெரும்பாலோர் மூன்றாவது பிரிவில் இருந்தார்கள் என்றால், போர்தோ துறைமுகத்துக் கப்பல் வணிகரும், அறுவடைக் காலத்தில் கூலிக்கு அலைந்த நிலமற்றவரும் ஒரே பெயருக்குள் எப்படி அடங்கினார்கள்? ஏற்றத்தாழ்வை உண்மையில் எது தீர்மானித்தது?

பதில்: நூலகன்

எஸ்டேட் என்பது செல்வத்தின் அளவு அல்ல. சட்டம் தந்த தகுதி. நொடித்துப்போன பிரபுவும் பிரபுதான். ‘தாய்ல்’ என்னும் நேரடி வரியிலிருந்து பொதுவாக அவருக்கு விலக்கு உண்டு. திருச்சபை தன் வருமானத்துக்கு வரி செலுத்தாமல், அரசருக்கு ‘விருப்பக் கொடை’ என்ற பெயரில் ஒரு தொகையைத் தானே முடிவு செய்து கொடுத்தது. பாரிஸ் போன்ற நகரங்களுக்கும் தாய்ல் விலக்கு இருந்ததால், அந்தச் சுமை பெரும்பாலும் உழவர் தலையில்தான் விழுந்தது.

இதை விளங்கிக்கொள்ள உப்பு வரியைப் பாருங்கள். ‘கபெல்’ எனப்பட்ட அந்த வரி மிகக் கடுமையாக இருந்த வட, நடுப் பகுதிகளில், எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு உப்பை அரசுக் கிடங்கில் வாங்கியே ஆக வேண்டும். அந்த உப்பைச் சமையலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மட்டுமே பயன்படுத்தலாம். குளிர்காலத்துக்கென்று பன்றி இறைச்சியை உப்பிட்டு வைக்க அதிலிருந்து ஒரு பிடி எடுத்தாலும் குற்றம், அதற்குத் தனியாக வாங்க வேண்டும். பக்கத்திலேயே இருந்த பிரிட்டனி மாகாணத்துக்கோ இந்த வரியே கிடையாது; விலை வேறுபாடு ஏறத்தாழ 20 மடங்கு. எல்லையோரக் கிராமங்களில் பெண்களும் சிறுவர்களும்கூட உப்புக் கடத்தலில் இறங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒரே அரசரின் குடிமக்கள், ஒரே பொருள், ஆனால் பிறந்த ஊரைப் பொறுத்து விலை மாறியது. இந்த அநீதியை, மூன்று பிரிவுகளை மட்டும் காட்டும் பாடநூல் படம் நமக்குச் சொல்வதே இல்லை.

பதில்: தேன்மொழி

முதல் எஸ்டேட்டும் ஒன்றாக இருக்கவில்லை என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். 1789-இல் ஆயர்கள் (பிஷப்புகள்) ஏறக்குறைய எல்லாருமே பிரபுக் குடும்பத்தினர். கிராமப் பங்குக் குருக்களில் பலருக்கோ, தசமபாகத்தை (விளைச்சலிலிருந்து திருச்சபைக்குச் சேரும் பங்கை) மேலிடத்தார் எடுத்துக்கொண்ட பிறகு, 1786-இல் உறுதி செய்யப்பட்ட ஆண்டுக்கு 700 லிவர் (அக்கால பிரெஞ்சு நாணயம்) தான் கிடைத்தது. 1789 ஜூன் 13 அன்று புவாத்து பகுதியிலிருந்து வந்த மூன்று பங்குக் குருக்கள், அரசர் கூட்டிய மூன்று எஸ்டேட்டுகளின் சபையில் தங்கள் பிரிவை விட்டு மூன்றாவது எஸ்டேட்டாரோடு போய்ச் சேர்ந்தது இந்தப் பின்னணியில்தான்.

பதில்: ஆய்வாளன்

நூலகன் சொன்னதில் ஒரு சிறு திருத்தம்: பிரிவுகளுக்கு இடையிலான எல்லைக் கோட்டைப் பணத்தாலும் தாண்ட முடிந்தது. அரசுப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. ‘அரசரின் செயலர்’ போன்ற சில பதவிகள், வாங்கியவரின் குடும்பத்தையே காலப்போக்கில் பிரபுக் குடும்பமாக்கின. ஆகவே வசதி படைத்த வணிகர் பலர் முதலில் விரும்பியது சலுகையை ஒழிப்பதை அல்ல, தாமும் அதைப் பெறுவதை. ஆனால் 1781-இன் செகூர் ஆணை, நேரடியாகப் படை அதிகாரி ஆவதற்கு நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தை நிரூபிக்க வேண்டும் என்றது. பதவியை விலைக்கு வாங்கிப் புதிதாகப் பிரபுவான குடும்பத்தின் மகனுக்கும் அந்தக் கதவு மூடப்பட்டது. படித்த, பணமுள்ள மூன்றாவது எஸ்டேட்டாரின் கோபத்துக்குப் பசியைவிட இந்த அவமதிப்பே பெரிய காரணம் என்பது என் கருத்து.

கேள்வியாளர்: வரலாற்று மாணவி

மிக்க நன்றி. அப்படியானால் 1789 ஆகஸ்ட் 4 இரவு, புரட்சியின் தேசியப் பேரவை சலுகைகளை ஒழிப்பதாக முடிவெடுத்தபோது, இவை எல்லாம் ஒழிந்துவிட்டனவா?

பதில்: நூலகன்

வரிச் சலுகைகளும், தசமபாகமும், ஆளை நிலத்தோடு பிணைத்திருந்த கடமைகளும் ஒழிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் நிலத்தின்மீது பிரபுவுக்குச் சேர வேண்டிய பாத்தியதைகளை உழவரே ஈட்டுத்தொகை கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்தத் தொகை பலருக்கும் எட்டாததாக இருந்தது. ஈடின்றி அவை முழுமையாக நீக்கப்பட்டது 1793 ஜூலை 17 அன்றுதான். அதற்குள் முடியாட்சியே போய்விட்டது.