ஆமையின் கண் வீங்கி மூடிவிட்டது, தீனும் எடுக்கவில்லை. என்ன செய்யலாம்?

கல்லடி அம்மா:
வணக்கம். மகனுக்காகப் போன வருசம் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமை ஒன்று இருக்கிறது. ஓடு பால்பேணி மூடியை விடக் கொஞ்சம் பெரிது. நாலு நாளாக இரண்டு கண்ணும் வீங்கி மூடியே கிடக்கிறது. மழைக் குளிருக்கு அப்படிக் கிடக்கிறதாக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். இதுவரை கொடுத்த தீன் காய்ந்த கூனி மட்டும்தான். ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி, விறாந்தையில் வைத்திருக்கிறோம். எனக்கு டாக்டர் தந்த கண் மருந்து மிச்சம் இருக்கிறது, இரண்டு துளி விடலாமா? மகன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தொட்டிக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு இருக்கிறான்.

அக்கரைப்பற்று காக்கா:
தங்கச்சி, அந்த மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதலில் மூன்று விசயம் பார்த்துச் சொல்லுங்கள். நீந்தும்போது ஒரு பக்கம் சரிகிறதா? மூக்கில் நுரை, குமிழி வருகிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா? ஓட்டின் ஓரத்தை விரலால் மெல்ல அமத்தினால் நகம்போல் கெட்டியாக இருக்கிறதா?

கல்லடி அம்மா:
சரியவில்லை காக்கா, குமிழியும் இல்லை. ஆனால் வால் பக்கத்து ஓரம் கொஞ்சம் அமுங்குகிறது. தண்ணீர் கிழமைக்கு ஒருக்கால்தான் மாற்றுவோம், இப்போது மணக்கிறது.

அக்கரைப்பற்று காக்கா:
சரிந்து நீந்தி மூக்கிலும் குமிழி வந்தால் சளி நுரையீரலுக்குப் போயிருக்கும், அதற்கு வீட்டு வைத்தியம் சரிவராது. உங்களுடையதில் அது இல்லை என்பது பெரிய ஆறுதல். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் விற்றமின் ஏ குறைவும் அழுக்குத் தண்ணீரும் சேர்ந்த வீக்கமாகத்தான் தெரிகிறது. கூனி மட்டும் தின்று வளரும் ஆமைக்கு இது அடிக்கடி வரும். கண் தெரியாததால் தீனும் எடுக்காது.

ஓடு அமுங்குவது வெயில் குறைவாலும் கல்சியம் குறைவாலும். குட்டி ஆமையின் ஓடு கொஞ்சம் வளையும், ஆனாலும் ஒரு வருசம் தாண்டியதற்கு இப்படி அமுங்கக் கூடாது. கண்ணாடி வழியாக வெயில் வருகிறதே என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதனால் காலை வெயில் நேராக முதுகில் படவேண்டும். ஒரு பேசினில் கொஞ்சத் தண்ணீர், ஏறி இருக்க ஒரு கல், பாதிக்கு மேல் பலகை போட்டு நிழல். நிழல் இல்லாத பேசினில் சூடேறி ஆமை செத்துப்போகும். காகம் கொத்தாமல் மேலே கம்பி வலையும் போடுங்கள். மாரி முடியும்வரை வெயில் கிடைக்காது என்றால், ஊர்வனவுக்கென்று விற்கும், புற ஊதாக் கதிர் தரும் யூவிபி குமிழ் வாங்குங்கள். சும்மா மின்குமிழ் சூடு தரும், அந்தக் கதிரைத் தராது.

கல்சியத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, பின்பக்கத்தில் இருக்கும் கெட்டித் தோலை உரித்துவிட்டுத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். தானாகக் கடிக்கும்.

கண் திறந்த பிறகு தீனை மாற்றுங்கள். மண்புழு, சின்ன மீன் துண்டு, துருவிய கரட், பூசணி, பொன்னாங்காணி இலை. கோழி ஈரல் கிழமையில் ஒருநாள் நகக்கண் அளவுதான். விற்றமின் குளிசையை நீங்களாகக் கரைத்து ஊற்றவேண்டாம், அளவு கூடினால் தோல் உரியும்.

இதெல்லாம் செய்தாலும் மிருக வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். கண்ணுக்கு என்ன பூசுவது என்பதை அவர் சொல்லட்டும்.

திருக்கோவில் தம்பி:
அக்கா, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ஒரு விசயம். பார்க்க நல்லாக இருக்கும் ஆமையிலும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது கடுமையாக வரும். நாலு அங்குலத்துக்குச் சிறிய ஆமையைச் செல்லப்பிராணியாக விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடை செய்தது இதனால்தான். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியை குசினித் தொட்டியில் கழுவாதீர்கள்.

வளர்க்க முடியாமல் போனால் வாவியிலோ குளத்திலோ விட்டுவிடவும் வேண்டாம். இது நம்ம நாட்டு ஆமை இல்லை, இங்கே இருக்கும் பாலாமையோடும் கல்லாமையோடும் இரைக்குப் போட்டி போடும். அந்த இரண்டையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். மழைக்கு எங்கள் வளவுக்குள் பாலாமை வரும், நாங்கள் வாய்க்கால் ஓரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவோம்.

கல்லடி அம்மா:
பன்னிரண்டு நாளைக்குப் பிறகு எழுதுகிறேன். மிருக வைத்தியர் கண்ணுக்குக் களிம்பும் விற்றமின் ஊசியும் தந்தார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் தினமும் இருபது நிமிடம் வைக்கச் சொன்னார். இரண்டு நாளுக்கு ஒருக்கால் பாதித் தண்ணீரை மாற்றுகிறோம், குழாய்த் தண்ணீரை முதல்நாளே வாளியில் பிடித்து வைத்துவிடுவேன். நேற்றுக் காலை இடது கண் பாதி திறந்தது, இமை ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொருக்கு மட்டும் ஒட்டியிருந்தது. மகன் மண்புழுவை மூக்குக்கு முன்னால் ஆட்டினான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, மறுகா கழுத்தை நீட்டிக் கவ்வியது. வலது கண் இன்னும் திறக்கவில்லை. கணவாய் ஓட்டின் ஒரு மூலையில் சின்னக் கடி அடையாளம் இருக்கிறது.

அக்கரைப்பற்று காக்கா:
மாஷா அல்லாஹ். அந்தப் பொருக்கை நகத்தால் உரித்துவிடாதீர்கள், குளிப்பாட்டும் தண்ணீரில் தானாக ஊறி விழும். மற்றக் கண்ணுக்கு இன்னும் இரண்டு கிழமை எடுக்கலாம். களிம்பை டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் பூசுங்கள்.