புதுப்பிப்பு: 650 டாலர் மொசின் நாகாந்த் – என்ன ஆச்சு

அமெரிக்காவில் டல்சா நகரத் துப்பாக்கிக் கண்காட்சியில், பழைய சோவியத் ராணுவ ரைஃபிளான மொசின் நாகாந்த் 91/30 ஒன்றுக்கு 650 டாலர் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது, "எண்களைப் பார்" என்ற யோசனைதான்; அதாவது பாகங்களில் பொறித்த வரிசை எண்கள் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தவையா என்று பார்ப்பது. குழல், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்), கட்டையின் பின்தட்டு மூன்றிலும் ஒரே எண். கடைக்காரரும் "எல்லாம் ஒரிஜினல்" என்றுதான் சொன்னார். ஆனால் மேகசீன் (தோட்டா நிரப்பும் பெட்டி) அடித்தட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், பழைய எண்ணின் மேல் ஒரு கோடு, அதற்குக் கீழே புது எண். போருக்குப் பின் சோவியத் கிடங்கில் பழுது பார்த்த துப்பாக்கி! அதில் தப்பில்லை, ஆனால் அதற்கு அந்த விலை கிடையாது.

ஞாயிறு மதியம், மேசைகளைக் காலி செய்யும் நேரத்தில் போகச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. 410க்கு முடிந்தது. 2010 வாக்கில் இதே ரகம் 100 டாலருக்கும் கீழே, பெட்டி பெட்டியாகக் கிடந்தது. இறக்குமதி வற்றியதும் விலை ஏறிவிட்டது. வயிறு எரியத்தான் செய்கிறது.

எதிர்பாராதது ஒன்று: நாலு தோட்டா சுட்டதும் போல்ட் இறுகிக்கொண்டது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்தேன். சரி, பிரித்துப் பார்த்தால் சேம்பரில் (தோட்டா உட்காரும் இடம்) பழைய காஸ்மோலின் பிசின், அதாவது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் கிரீஸ். மினரல் ஸ்பிரிட்டும் (பிசுக்கைக் கரைக்கும் திரவம்) பித்தளைப் பிரஷ்ஷும் போட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். இப்போது போல்ட் ஒரு கையால் திறக்கிறது.