பழைய ஸ்பிளெண்டர் பைக்கில் ஆயில் குறையுது, காலையில் புகை: சிலிண்டர் போர் வேலை செய்யணுமா?

கேள்வி (பாலக்கோடு)
2004 மாடல் ஸ்பிளெண்டர். ஆயில் மாத்தி 1,000 கி.மீ. ஓடினதும் டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிடுது. காலையில் முதல் கிக்கில் குப்புன்னு நீலப் புகை, ஒரு நிமிஷத்தில் நின்னுடும். ராத்திரி நிறுத்தின இடத்தில் நாலஞ்சு சொட்டு ஆயில். போர் போட்டு (சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கி) பிஸ்டன் மாத்தணும்னு பட்டறையில் சொல்றாங்க. தினமும் தருமபுரி போய் வர்ற வண்டி. வேற வழி இருக்குங்களா?

பதில் (காவேரிப்பட்டணம்)
முதல்ல அளவைச் சரியா பாருங்க. சைடு ஸ்டாண்டில் பார்த்தா வண்டி இடப்பக்கம் சாய்ஞ்சு, வலப்பக்கம் இருக்கிற டிப்ஸ்டிக்கில் குறைச்சலாத்தான் தெரியும். சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு, 3 நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி இன்னும் 3 நிமிஷம் பொறுங்க. டிப்ஸ்டிக்கைத் துடைச்சு உள்ளே வைங்க, மரை திருகக் கூடாது. திருகினா ஆழமா இறங்கி அளவு அதிகமா காட்டும்.

பதில் (தருமபுரி)
போர் வேலைக்கு அவசரப்படாதீங்க தம்பி. பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருந்தா ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் புகை வரும், மேடு ஏறும்போது இன்னும் அதிகமா வரும். காலையில் மட்டும் வந்து நின்னா வால்வு ஆயில் சீல் (வால்வு தண்டைச் சுத்தி ஆயிலைத் தடுக்கிற ரப்பர்) மேலதான் சந்தேகம். ரப்பர் காய்ஞ்சு விறைச்சுப் போச்சுன்னா, ராத்திரி முழுக்க சிலிண்டர் ஹெட்டில் இருக்கிற ஆயில் வால்வு தண்டு வழியா சொட்டுச் சொட்டா இறங்கும். காலையில் அதுதான் எரியுது.

ஒரு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுசா விட்டு கியரிலேயே இறங்கி, கீழே வந்ததும் முறுக்குங்க. பின்னாடி வர்றவங்களைப் பார்க்கச் சொல்லுங்க. அப்போ மட்டும் புகை வந்தா வால்வு சீலேதான். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இதைச் செய்யாதீங்க, ஊர்ப்பக்கத்து மேடு போதும்.

இன்னொரு சோதனை: ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டையில் 5 மி.லி. ஆயில் விடுங்க. பிளக் இல்லாமலே ரெண்டு மூணு கிக் அடிச்சு ஆயிலைப் பரவவிட்டு, பிளக்கை மாட்டி கிக்கரைக் கையால் அழுத்துங்க. முன்னைவிட நல்லா இறுகினா ரிங் தேய்மானம். மாறலைன்னா ரிங்கைத் தொட வேண்டாம்.

பதில் (காவேரிப்பட்டணம்)
சொட்டுறதுக்கு: இன்ஜினை மண்ணெண்ணெய், பிரஷ் வச்சுக் கழுவி நல்லா காயவிடுங்க. அடிப்பக்கம் முழுக்க முகப்பவுடர் தூவி 5 கி.மீ. ஓட்டுங்க. பவுடரில் ஈரக்கோடு பழுப்பா விழும். காத்து ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், அதனால கோட்டோட முன்நுனியைத் தேடுங்க. முன் ஸ்ப்ராக்கெட் பக்கம்னா அங்க இருக்கிற ஆயில் சீல், மேக்னெட் கவர் ஓரம்னா பேக்கிங்.

கேள்வி கேட்டவர்
5 மி.லி. விட்டும் கிக்கர் மாறலைங்க. பவுடரில் டிரெயின் போல்ட்டை (ஆயில் இறக்குற போல்ட்) சுத்தி மட்டும்தான் ஈரம். கழட்டினா மரையில் டெஃப்லான் டேப் சுத்தியிருக்கு, போல்ட் இறுகாம சுத்திக்கிட்டே இருக்கு.

பதில் (தருமபுரி)
மரை போயிடுச்சு. கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு, யாரோ பலமா இறுக்கியிருக்காங்க. டேப் போட்டா கொஞ்ச நாளைக்குக் கசிவு மறையும், போல்ட் கழன்டு வழியில் விழுந்தா மொத்த ஆயிலும் போய் இன்ஜின் பிடிச்சிடும். மரையைச் சரிபண்ற வரை வண்டியை எடுக்காதீங்க.

லேத் பட்டறையில் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலா வைக்கிற கம்பிச்சுருள் மரை) போடச் சொல்லுங்க. மரை வெட்டும்போது டேப்பிங் கருவியில் கிரீஸ் தடவச் சொல்லணும், அலுமினியத் தூள் அதில் ஒட்டிக்கும். முடிஞ்சதும் போல்ட் போடாம 200 மி.லி. ஆயில் ஊத்தி வெளியே ஓடவிடுங்க, மிச்சத் தூள் கழுவிக்கிட்டு வந்துடும். போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர். கையால் முட்டுற வரைக்கும் திருகி, 17 ஸ்பேனரில் கால் சுத்து போதும்.

டிப்ஸ்டிக் பார்த்து ஊத்த வேண்டியது 10டபிள்யூ-30, டப்பாவில் ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான தரக்குறி) போட்டிருக்கணும். கார் ஆயில் வேண்டாம், கிளட்ச் இதே ஆயிலில்தான் நனையுது, வழுக்கிடும். ஒரு லிட்டர் டப்பாவை முழுசா கவிழ்க்காதீங்க. அளவு மிஞ்சினா நுரைச்சு மூச்சுக்குழாய் வழியா ஏர் ஃபில்டருக்குப் போகும், அதுவும் புகையா வரும்.

கிக்கர் மாறலைன்னதால ரிங் வேண்டாம், காலைப் புகைக்கு வால்வு சீல் மாத்தணும், அதுக்கு ஹெட்டை இறக்கணும். வால்வை கைடுக்குள்ளே (வால்வு தண்டு ஓடுற குழாய்) வச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா கைடும் சேர்த்து மாத்துங்க, இல்லைன்னா புது சீலும் சீக்கிரமே தேய்ஞ்சிடும். ஹெட் கேஸ்கெட் புதுசு போடுங்க. இந்த வால்வு வேலை முடியற வரைக்கும் 300 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்க. மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவா ஆயில் இருக்கிற இன்ஜின், குறைஞ்சா மேலே இருக்கிற, வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்தான் முதல்ல காயும். ஹெட்டில் டிக் டிக்னு சத்தம் கேட்டா அங்கேயே நிறுத்திடுங்க.