புதுப்பிப்பு: விளம்பர நிறுவனப் பயிற்சியிலிருந்து நான் விலகவில்லை

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பயிற்சி பெறும் எனக்கு, ஆங்கில வாசகங்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கும் வேலை மட்டுமே தரப்படுவதால் விலகிவிடலாமா என்று மூன்று வாரங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்.

நேரில் பேசிப் பார்க்கும்படி நீங்கள் அறிவுறுத்தியவாறே, பொருளை மட்டும் விளக்கினால் வாசகத்தைத் தமிழிலேயே சிந்தித்து எழுதித் தருகிறேன் என்று மூத்த எழுத்தாளரிடம் கேட்டேன். அவர் 30 விநாடி வானொலி விளம்பரம் ஒன்றை ஒப்படைத்தார். வாய்விட்டுப் படித்தபோதுதான், நம் சொற்களின் நீளத்தால் அந்த நேரத்திற்குள் ஐம்பது சொற்களே நெருக்கடியாக இருப்பது புரிந்தது. பதினொரு முறை திருத்திய பிறகே அது ஒலிப்பதிவுக்குச் சென்றது.

எனக்குப் பெரிதும் நிறைவளித்தது வேறொன்று. தமிழ் நாளிதழுக்கான ஒரு விளம்பரத்தில் நிபந்தனைகள் மட்டும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தன. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான 2022 ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்களின்படி, பொறுப்புத்துறப்பு வாசகம், அதாவது இத்தகைய நிபந்தனைக் குறிப்பு, விளம்பரத்தின் கூற்று அமைந்த மொழியிலேயே இருக்க வேண்டும் என்பதை எடுத்துக்காட்டினேன், உடனே மாற்றினார்கள். வாசகர் படிக்க இயலாத நிபந்தனை நேர்மையற்றது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பேசிய உதவித்தொகை இன்னும் வரவில்லை. நேற்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன்.